எந்த வருஷத்து ஜீப்?

'ரெஸ்டோரேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான வார்த்தை அகப்படவில்லை. 'புதுப்பித்தல்' என்கிறோம். ஆனால் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று வருஷம் பட்டறையில் போட்டு, கையிருப்பையெல்லாம் அதில் கொட்டுகிறவர்களிடம் போய் 'வண்டியைப் புதிதாக்குகிறீர்களா' என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் செய்ய விரும்புவது பழையதாக்குவது. கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது - ஜீர்ணோத்தாரணம். சிதைந்துபோனதைத் தூக்கி நிறுத்துவது. (அந்தப் பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டு எழுத்துக்களை மழுங்கடித்த கதை நமக்குத் தெரியும்.) அதுவும் இங்கே பொருந்தாது. நான் சொல்லவரும் ஜீப் சிதைந்துபோனதல்ல. விற்பனைக்கு வந்த வாரம் வரை தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நண்பர் ஒருவர் - கவிதை எழுதுகிறவரல்ல, படிக்கிறவர்; ஆகவே கையில் கொஞ்சம் பணம் உண்டு - போடிநாயக்கனூரில் ஒரு மகிந்திரா ஜீப்பை வாங்கினார். 1968ஆம் வருஷத்து வண்டி. விலை பேசும்போது நான் உடனிருந்தேன். விற்கிறவர் முறைப்படி தன் பொருளைப் புகழ்ந்தார். "எஞ்சின் பூராம் மாத்தியாச்சு சார். பெட்ரோல் எஞ்சினத் தூக்கிட்டு டீசல் போட்டது எங்கய்யா. கியர் பாக்ஸ் வேற வண்டியோடது. பாடி இங்கனயே கட்டுனது. பழசுன்னு சொல்ல இதுல ஒண்ணுமே கிடையாது சார்." அவர் சொல்லச் சொல்ல நண்பர் முகம் வாடிக்கொண்டே வந்தது. அவர் குனிந்து சேஸிஸ் தண்டில் துருவைச் சுரண்டி, நம்பர் தெரிகிறதா என்று தேடினார். விற்கிறவருக்கு அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற ஒரு எண், அவ்வளவுதான். ஒரே இரும்பைச் சுற்றி நின்றுகொண்டு இருவரும் இரண்டு வேறு பொருள்களுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விற்றது ஓடுகிற வண்டியை. மற்றவர் வாங்கியது அந்த ஓட்டமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் இருந்ததாக அவர் நம்பிய ஒன்றை.

வாங்கிய புதிதில் நண்பரின் கனவு 1944. பழைய ஜீப் வாங்குகிற பெரும்பாலோரின் கனவு அதுதான். உயர்ந்த பானட்டை வெட்டித் தாழ்த்துவது, முகப்பில் ஏழு பிளவுக்குப் பதில் ஒன்பது பிளவு வைப்பது, ஆலிவ் பச்சை அடித்து அமெரிக்க ராணுவத்தின் வெள்ளை நட்சத்திரத்தை ஒட்டுவது. பம்பாயில் பிறந்து தேனி மாவட்டத்தில் உழைத்த வண்டி நார்மண்டிக் கரையில் இறங்கியதாக ஆகிவிடும். போருக்குப் பின் அமெரிக்கர்கள் இந்தியாவில் விட்டுப்போன ஜீப்புகள் உண்டு. அவற்றுக்காவது அந்த நட்சத்திரத்தின் மீது ஒரு பாத்தியதை இருக்கிறது. இதற்கு அதுவும் கிடையாது. மகிந்திரா 1947இல் வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பை உதிரிகளாக வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. 1953இல் அமெரிக்காவில் வந்த சி.ஜே. 3பி என்ற மாடலில், புதிய எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்ததால் பானட்டையும் உயர்த்தினார்கள். அழகுக்கு என்று யாரும் செய்யவில்லை. அந்த மாடலைத்தான் இங்கே பல பத்தாண்டுகள் செய்தார்கள். நம் ஊர்களில் 'ஜீப் வருது' என்று ஜனங்கள் விலகி நின்றது இந்த உயர்ந்த பானட்டுக்கு முன்னால்தான்.

1944இன் அசல் தன்மையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1940இல் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. பென்சில்வேனியாவில் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி அந்த செப்டம்பரிலேயே முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் பெரும் ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. போர் முடிவதற்குள் இருவரும் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: எந்த வண்டியின் எந்த உறுப்பும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும். ஃபோர்டு தான் செய்த உறுப்புகளில், போல்ட் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. இன்று உலகெங்கும் ஃபோர்டு ஜீப்பை மீட்டெடுக்கிறவர்கள் அந்த 'எஃப்' போல்ட்டுகளைத் தேடி அலைகிறார்கள். எல்லா போல்ட்டிலும் 'எஃப்' இருந்தால்தான் வண்டி சுத்தம். ஆனால் போர்முனையில் முதல் தடவை பட்டறைக்குள் போன நிமிஷத்திலேயே ஃபோர்டின் போல்ட் வில்லிஸுக்கும், வில்லிஸினுடையது ஃபோர்டுக்கும் போய்விட்டிருக்கும். கலப்பதற்காகவே பிறந்த வண்டி அது. எந்த யுத்தம் அதற்குப் புகழைக் கொடுத்ததோ அந்த யுத்தத்தில், எல்லா போல்ட்டிலும் 'எஃப்' உள்ள ஜீப் அதிக நாள் ஓடியிருக்க முடியாது. அதைத்தான் இப்போது 'அசல்' என்கிறோம்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் இதில் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, பக்கவாட்டில் பெஞ்சு வைத்து, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் சாமி படமும் பெண்டாட்டி பெயரும் எழுதி 'ஜீப்னி' என்று நகரத்துக்கே ஒரு வாகனத்தைச் செய்துகொண்டார்கள். அதே நாட்டில் இன்று 1944 ஜீப்பின் முழு உடல்கூட்டைப் புதிதாகச் செய்து, உலகத்துச் சேகரிப்பாளர்களுக்கு ஏற்றுமதியும் செய்கிறார்கள். சேகரிப்பாளர் வீட்டு ஷெட்டில் பளபளக்கும் யுத்தகால ஜீப்பின் உடம்பு நேற்று மணிலாப் பக்கம் பிறந்ததாக இருக்கலாம். இரண்டு வேலையில் எது அசலானது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

நண்பர் படித்தவர். 1944 பொய் என்பதை அவரே உணர்ந்து கைவிட்டுவிட்டார். இப்போது அவர் சொல்வது 1968. தொழிற்சாலை வாசலை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. இது நேர்மையானது என்று அவர் நினைக்கிறார். எனக்கு இங்கேதான் பிரச்னை ஆரம்பமாகிறது. 1944 வெறும் வேஷம்; அதோடு சண்டை போடுவது சுலபம். 1968 உண்மை. உண்மையான ஒரு வருஷத்தைத் தேர்ந்துகொண்டு மற்ற உண்மையான வருஷங்களை அழிப்பதற்கு என்ன நியாயம்?

அழியப்போவது என்னவென்று கொஞ்சம் பார்க்கலாம். ஆர்.சி. புத்தகத்தின்படி முதல் உடைமையாளர் ஒரு அரசு இலாகா. அப்போது ஜீப் என்றால் சர்க்கார். பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், ஜப்தி ஜீப். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக்கட்டுப்பாட்டு ஜீப் - 1975-77இல் அதைக் கண்டு வடக்கே கிராமம் கிராமமாக ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். இந்தியாவில் ஜீப்புக்கு உள்ள சரித்திரம் இது. ஆனால் பழைய ஜீப்பை மீட்டெடுக்கும் யாரும் அதற்குச் சிவப்பு முக்கோணம் போட்டு நான் பார்த்ததில்லை. நார்மண்டிதான் வேண்டும். பிறருடைய யுத்தம் நமக்கு அழகாக இருக்கிறது. நம்முடைய அதிகாரத்தின் முகம் ஷெட்டில் வைக்க லாயக்கில்லை.

பிறகு ஏலம். விற்றவரின் தகப்பனார் எடுத்தார். 1973க்குப் பின் பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு வாடகை வண்டி ஓட்டினால் வீடு போய்விடும். டீசல் எஞ்சின் வந்தது. புது எஞ்சின் பழைய இடத்தில் உட்காராது; தாங்கிகளை வெட்டி, நகர்த்தி, பற்றவைத்து உட்காரவைத்தார்கள். பின்பக்கம் நீட்டினார்கள். எதிரெதிரே இரண்டு பெஞ்சு. அதற்கு வெளியே, நின்றுகொண்டு வருகிறவர்களுக்காக ஒரு இரும்புப் படி. விடியுமுன்னே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்புகள் இப்படித்தான் இருக்கும். ஆறேழு பேருக்கென்று செய்த வண்டியில் பதினைந்து இருபது பேர். மடியில் தூக்குச்சட்டி. கூரைக் கம்பி ஒரு இடத்தில் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. வளைவுக்கு வளைவு கைகள் பிடித்துப் பிடித்து ஆன பள்ளம். போடியில் ஏலக்காய் ஏலம் கூறும் இடத்தில் காயின் நிறத்தையும் பருமனையும் பற்றி நுட்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் காயைப் பறித்த கைகள் வேறெங்கும் பதிவாகவில்லை. இந்தக் கம்பியில் பதிவாகியிருக்கிறது.

1968க்குத் திரும்புவது என்றால் முதலில் கழற்றி எறியப்படுவது அந்தக் கம்பி. கம்பெனி அதைப் பொருத்தவில்லை அல்லவா.

பழைய கட்டிடங்களைப் பற்றி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தச் சண்டை நடந்தது. ரஸ்கின் 1849இல், மீட்டெடுப்பதென்பது ஒரு கட்டிடத்துக்கு நேரக்கூடிய முழுமையான நாசம், அது ஒரு பொய் என்ற அளவுக்குப் போனார். பிரான்சில் வியோலே-லெ-துக் இதற்கு நேர் எதிர்: மீட்டெடுப்பதென்றால் எந்தக் காலத்திலும் இருந்தேயிராத ஒரு பூரண நிலைக்குக் கொண்டுவருவதாகவும் இருக்கலாம் என்று கூச்சமில்லாமல் எழுதினார். பாரிஸ் நோத்ருதாம் கோயிலுக்கு 1859இல் அவர் ஒரு கூர்ங்கோபுரத்தை எழுப்பினார். இடைக்காலக் கோபுரம் ஒன்று முன்பு இருந்து போயிருந்தது. இவர் எழுப்பியது அதன் நகலல்ல, தன் கற்பனை. 2019 ஏப்ரலில் அது எரிந்து விழுந்தது. மீண்டும் எந்த வடிவத்தில் கட்டுவது என்று விவாதம் நடந்தது. கடைசியில் அவருடைய கோபுரத்தையே அப்படியே எழுப்பி, 2024 டிசம்பரில் கோயிலைத் திறந்தார்கள். பிற்காலத்தில் ஒருவர் கொண்டுவந்து செருகியது, நூற்றறுபது வருஷத்தில் அசலாகிவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு முந்தையதற்குப் போவோம் என்று சொன்னவர்கள் ஜெயிக்கவில்லை.

அப்படியானால் பிற்காலச் சேர்க்கைக்கும் உரிமை உண்டு. ஆனால் செய்தவருக்குப் பெயர் இருக்க வேண்டும். வியோலே-லெ-துக் செய்தால் அது கோயிலின் சரித்திரம். போடியில் பெயர் தெரியாத ஒரு வெல்டர் தாங்கியை நகர்த்தி எஞ்சினை உட்காரவைத்தால் அது 'ஒட்டுவேலை'. அந்தத் தாங்கியை நான் படுத்துப் பார்த்தேன். படம் இல்லாமல், அளவு இல்லாமல், எடை எங்கே இறங்கும் என்பதைக் கையால் அறிந்து ஒருவர் செய்தது. இத்தனை வருஷம் மலை ஏறியும் விரிசல் இல்லை. அமெரிக்காவில் எஞ்சினியர்கள் கூடிச் செய்த வடிவத்துக்கு இங்கே ஒருவர் எழுதிய உரை அது. உரையாசிரியரின் பெயர் தெரியாததால் உரையைக் கிழித்தெறியலாம் என்று நம் புலவர்கள்கூடச் சொன்னதில்லை.

உரை என்றதும் பாடம் நினைவுக்கு வருகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது அவர் முன்னால் இருந்ததும் இதே பிரச்னைதான். ஏட்டுக்கு ஏடு வேறுபாடு. எழுதினவன் பிழை, செல் அரித்த இடம், யாரோ திருத்தியது. அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்தார். தேராததையும் பிரதிபேதம் என்று அடியில் வைக்கும் பழக்கத்தை வளர்த்தார். தன் தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்று நினைப்பவன் செய்கிற காரியம் அது. பின்னால் வருகிறவன் அடிக்குறிப்பிலிருந்து வேறொரு பாடத்தை மேலே தூக்கி வைக்க முடியும். ஜீப்புக்கு அடிக்குறிப்புக் கிடையாது. நீட்டியதை வெட்டினால் வெட்டியதுதான். கழற்றிய பெஞ்சு இரண்டு நாளில் பழைய இரும்புக்கடைக்குப் போய், எடைக்கு விலையாகி, உருக்காலைக்குப் போய்விடும். மீட்டெடுக்கிறவர் பதிப்பாசிரியராக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு பதிப்பு முடிந்ததும் ஏடுகளை எரித்துவிடும் பதிப்பாசிரியர்.

சட்டம் இன்னும் மோசம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. வயது ஐம்பதுக்கு மேல், 'வி.ஏ.' என்று தனி வரிசை எண்; புதிதாகப் பதிய 20,000 ரூபாய்; வாடகைக்கோ அன்றாட உபயோகத்துக்கோ ஓட்டக்கூடாது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலும் உடல்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. ஐம்பது வருஷமாக மாறாமல் எந்த வண்டி இருக்கும்? ஜமீன்தார் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த வண்டி இருக்கும். உழைத்த வண்டி மாறாமல் இருக்காது. சரித்திரம் என்ற அந்தஸ்தை, சரித்திரத்தில் இறங்காமல் ஒதுங்கியிருந்ததற்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் வாகனப் பதிவு இலாகா பல வருஷம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது: சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் நான்குக்கும் தலைக்கு 2, எஞ்சினுக்கு 1. பதினாலில் எட்டு தேறினால் பழைய வண்டி, பழைய நம்பர். தேறாவிட்டால் அது வேறு வண்டி. எஞ்சினுக்கு ஒரே புள்ளி என்பதைப் போடி மெக்கானிக் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் அதில் ஒரு பெருந்தன்மை இருந்தது - ஒரு பொருள் ஆறு புள்ளி மாறிய பிறகும் தானாகவே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

தேர் எது, சக்கரமா, அச்சா, நுகத்தடியா என்று மிலிந்தனை மடக்கிய நாகசேனர் இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். எதுவும் தேர் இல்லை, 'தேர்' ஒரு வழக்குப் பெயர் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியை ஏற்றால் நண்பரின் 1968க்கும் இடமில்லை, என் கம்பிக்கும் இடமில்லை. பற்று விட்டது, வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம். அந்தப் பக்குவம் எனக்கு வரவில்லை. நண்பருக்கோ, சேஸிஸ் நம்பர் என்ற வடிவத்தில் ஜீப்புக்குள் ஒரு ஆத்மா இருந்தே ஆகவேண்டும். அந்த நம்பர் தகடுகளையே அச்சு அசலாகப் போலி செய்து விற்கிறார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

நண்பர் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. நான் வாங்கியிராவிட்டால் இது உடைத்து எடைக்குப் போயிருக்கும், அப்போது உன் கம்பி எங்கே என்கிறார். வாஸ்தவம். எஃப்.சி. கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டு வந்த வண்டி. விற்றவருக்கு வண்டியின் நினைவு வேண்டியிருக்கவில்லை. அடுத்த வண்டிக்கு முன்பணம் வேண்டியிருந்தது. 'எங்கய்யா போட்ட எஞ்சின்' என்று சொன்னாரே தவிர, சாவியைக் கொடுக்கும்போது குரல் தழுதழுக்கவில்லை. அதில் போய்வந்த பெண்களைக் கேட்டாலும் பெஞ்சைக் காப்பாற்றச் சொல்லமாட்டார்கள். அந்தப் படியில் தொங்கிக்கொண்டு போய் வளைவில் விழுந்து செத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஏற்பாட்டின் சின்னத்தைப் போற்றிப் பாதுகாக்கச் சொல்கிற நான், ஏலக்காய்க் காட்டுக்கு ஒருநாளும் கூலிக்குப் போகாதவன். கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஜீப்பில் போகிறவர்கள் குலுங்கலை ரசிப்பதுபோல நானும் பிறர் அவஸ்தையை ரசிக்கிறேனோ என்ற சந்தேகத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். போற்றுவதற்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இருபது பேரை இதில் அடைத்தார்கள் என்பதற்கு அந்தப் பெஞ்சும் படியும் சாட்சி. சாட்சியத்தைச் சுத்தம் செய்து துடைத்துவிட்டு, பளபளவென்ற 1968ஐ முற்றத்தில் நிறுத்திவைத்தால், அந்த வண்டி உற்பத்தியானது, பிறகு என் நண்பர் வாங்கினார், இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

இது ஜீப்போடு நிற்கும் விஷயமாக எனக்குப் படவில்லை. பழைய தமிழைப் பேசுகிறவர்களும் ஏதோ ஒரு வருஷத்தைத் தேர்ந்துகொண்டுதான் பேசுகிறார்கள். சிலருக்குச் சங்க காலம், சிலருக்கு 1930கள். இடையில் மொழியை வைத்துக்கொண்டு பிழைத்தவர்கள், டீசல் எஞ்சின் போட்டவர்கள், பெஞ்சு கட்டியவர்கள் எல்லாரும் கறையாகிவிடுகிறார்கள். இதை விரித்து எழுதினால் சண்டைக்கு வருவார்கள். இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி இப்போது மதுரையில் ஒரு டிங்கர் பட்டறையில் நிற்கிறது. கதவுக்குக் கீழே உரசிப் பார்த்த இடத்தில் பச்சைக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சாம்பல் நிறம் வரிசையாகத் தெரிகிறது. மஞ்சளில் ஏதோ எழுத்து இருக்கிறது, பாதிதான் படிக்க முடிகிறது. சாம்பல் நிறம்தான் 1968 என்கிறார் நண்பர். அதற்குப் போக வேண்டுமானால் மற்ற மூன்றையும் உரித்தாக வேண்டும். பெஞ்சு ஏற்கெனவே கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தாகிவிட்டது. கம்பி மட்டும் வண்டியிலேயே இருக்கிறது. எங்கள் வாக்குவாதத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த டிங்கர் மூன்றாவது வாரம் சொன்னார்: "எதெது இருக்கணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுத்துருங்க சார். மிச்சத்த நான் எடுத்துர்றேன்." நண்பர் இன்னும் கோடு போடவில்லை. பட்டறை வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.